கவிழ்ந்த தோணியில் உட்கார்ந்தவள்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை நாக்கு ஆண்டது. அந்த நாக்குக்குச் சொந்தக்காரன் பேரரையன் என்னும் ராசா. சிரிக்காதீர்கள், கதையே இனிமேல்தான்.

அவன் நாட்டின் கிழக்கே கடலோரமாக ஓர் உப்பங்கழி இருந்தது. அதில் வளரும் மடவை மீன்கள், ஐப்பசி மழையில் முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்ததும், வயிறு நிறையச் சினையோடு கடலுக்குப் போகும். அங்கே முட்டையிடும். தை மாதம் குஞ்சுகள் கூட்டமாகக் கழிக்குத் திரும்பும். அதனால் முதல் சினை மீனைக் கண்ட அன்றே கரைக்காரர்கள் தோணிகளை மணலில் கவிழ்த்துவிடுவார்கள். தை பிறந்துதான் நிமிர்த்துவார்கள். அதுவரை கஞ்சியும் கருவாடும்தான்.

ஒரு ஐப்பசியில் ராசாவுக்கு மடவைச் சினை வறுவல் தின்ன ஆசை வந்தது.

முதலில் தூதன் வந்தான். "ராசாவுக்கு ஒரே ஒரு கூடை சினை வேணும்."

கரைத் தலைவி செம்பாயி, தன் கவிழ்ந்த தோணியின் மேல் உட்கார்ந்தபடியே, "தை மாசம் வரச் சொல்லு" என்றாள்.

இரண்டாவதாக மந்திரி பட்டுச் சேலைகளோடு வந்தார். "இந்தப் பட்டு குஞ்சு பொரிக்குமா ஐயா? தை மாசம் வாங்க" என்றாள் செம்பாயி.

மூன்றாவதாக ராசாவே படையோடு வந்தான். தோணிகளை நிமிர்த்தச் சொன்னான். கரைப் பெண்கள் ஆளுக்கொரு தோணியில் ஏறி உட்கார்ந்தார்கள். வீரர்கள் செம்பாயியை இழுத்து மணலில் தள்ளி, அவள் தோணிக்குத் தீ வைத்தார்கள். அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். ஆனாலும் எழுந்து போய் அடுத்த தோணியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இதையும் எரி ராசா. எல்லாத்தையும் எரி. அப்புறம் எதுல போய் மீன் பிடிப்ப?"

ராசா கையை உயர்த்தித் தீ வைப்பதை நிறுத்தினான். அதற்குள் ஒரு வீரன் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு மடவையை ஈட்டியால் குத்திக்கொண்டு வந்தான். செம்பாயி அதன் வயிற்றைக் கீறிச் சினையை ஓர் இலையில் வைத்தாள்.

"இதுல எத்தனை முட்டைன்னு எண்ணிச் சொல்லு. சொல்லிட்டா நாங்களே தோணிய நிமிர்த்துறோம்."

இவ்வளவுதானா என்று ராசா உட்கார்ந்து எண்ணினான். நூறில் கண் வலித்தது. ஆயிரத்தில் மந்திரியைக் கூப்பிட்டான். பத்தாயிரத்தில் மந்திரியும் கணக்கை விட்டார். வெயில் சாய்ந்தும் சினையில் ஓர் ஓரம்தான் குறைந்திருந்தது.

"இது ஒரு மீனு" என்றாள் செம்பாயி. "உனக்கு ஒரு வாய். இதுல பத்து பொழச்சு வந்தாலே எங்க வீட்டுல உலை கொதிக்கும். நீ கேட்டது ஒரு கூடை."

ராசா தலை நிமிர்ந்தான். அவன் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் மடவைக் கூட்டம் முழுவதும் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போயிருந்தது. வெறும் நாக்கோடு அரண்மனைக்குத் திரும்பினான்.

தை மாதம் கழி முழுக்கக் குஞ்சுகள் துள்ளின. ராசா ஒரு புதுத் தோணியோடு வந்தான். செம்பாயி தோணியை வாங்கிக்கொண்டாள், கும்பிடவில்லை. சினையில்லாத மடவை ஒன்றைச் சுட்டு அவன் முன்னால் வைத்து, "இப்பத் தின்னு" என்றாள்.

பிறக்கப்போவதைத் தின்னக் கேட்பவன் அரசனே ஆனாலும், மாட்டேன் என்று சொல்வதே அறம்.