பஸ்ஸை நிறுத்திய பந்தல்

சாவகாசப்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வது சுலபம். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், வண்டி நிற்காமல் போகிற ஊர் ஒன்று வரும். அதுதான்.

ஒரு காலத்தில் அங்கேயும் பஸ் நின்றது. ஆனால் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று ஏறுகிறவர்கள் கீழே காத்திருப்பார்கள். ஏறுகிறவர்கள் ஏறட்டும் என்று இறங்குகிறவர்கள் மேலே காத்திருப்பார்கள். "நீங்க முதல்ல", "இல்லல்ல, நீங்க" என்று உபசாரம் நடக்கும்போதே வண்டி கிளம்பிவிடும். யாரும் ஏறாத, யாரும் இறங்காத ஊருக்கு நிறுத்தம் எதற்கு என்று பணிமனையில் எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் வசமாக அடிபட்டவன் சோணைமுத்து. அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம், பஸ் அவளை அவள் வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோய் அடுத்த ஊரான கீழச்சேந்தியில் இறக்கிவிடும். அது அவள் பிறந்த ஊர். அங்கிருந்து தலையில் மூட்டையோடு இரண்டு மைல் திரும்பி நடக்க வேண்டும். நடையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பஸ் வாசலைத் தாண்டுகையில் சோணைமுத்து பல்லெல்லாம் தெரிய டாட்டா காட்டுவான் பாருங்கள், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே அந்த ஊருக்கு நான் நடந்து வரமாட்டேன். பஸ் நிக்கட்டும். பஸ்ஸுல இருந்து இறங்கித்தான் வருவேன்" என்று ஆள் மூலமாகச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து சோணைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பு அவனே வைத்தது என்பதும் ஒரு காரணம். ஆனாலும் பஞ்சவர்ணம் இல்லாத வீடு அவனுக்கு வீடாகவே தெரியவில்லை. கூட்டாளிகள் அழகுமலையையும் பூவலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு பணிமனைக்குப் போய் முறையிட்டான்.

"உங்க ஊர்ல பார்க்கிறதுக்கு என்னய்யா இருக்கு? ஏதாச்சும் இருந்தா ஆள் வரும். ஆள் வந்தா பஸ் நிக்கும்" என்றார் மேலாளர்.

மூவரும் ஊருக்குத் திரும்பி, பார்க்க என்ன இருக்கிறது என்று சாயங்காலம்வரை பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

தெய்வம் கண்திறந்ததுபோல அந்த மாசமே சென்னையிலிருந்து மிருணாளினி என்று ஒரு கலைக்காரம்மா வந்து சேர்ந்தார். செடி கொடியையும் கைவேலைப் பொருள்களையும் சேர்த்து, வருகிறவர்கள் தாங்களே உள்ளே புகுந்து தொட்டு விளையாடும்படி ஒரு கலைப்பந்தல் போட வேண்டும், ரோட்டோரம் இடம் வேண்டும் என்றார். இடம் கொடுத்ததோடு நில்லாமல் மூவரும் தங்களையும் கொடுத்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள்.

"மூங்கில் பந்தல். அதுல ஓலைப்பாய், தேங்காய்நார்க் கயிறு, மண்சட்டி. மெஷின் எதுவும் கூடாது, எல்லாம் கையால செய்யணும்" என்றார் மிருணாளினி. "அவரையும் பாகலும் கொடியா மேல ஏறும். உள்ள தொட்டாச்சிணுங்கி வைப்போம். வர்றவங்க ஆளுக்கு ஒரு ஓலை பின்னுவாங்க, தண்ணி ஊத்துவாங்க, செடியைத் தொடுவாங்க. இது எட்ட நின்னு வேடிக்கை பார்க்கிற பொருள் இல்ல. வர்றவங்களும் இதுல ஒரு பகுதி. அவங்க இல்லாட்டி இது முழுமையே ஆகாது."

"முழுமை ஆகாட்டி?" என்று கேட்டான் சோணைமுத்து.

"வெறும் பந்தல்தான்."

"வெறும் பந்தலுக்கு பஸ் நிக்குங்களா?"

"எப்படி நிக்கும்?" என்று மிருணாளினி சிரித்தார்.

சோணைமுத்து சிரிக்கவில்லை. முழுமை என்ற அந்த வார்த்தை அவன் நெஞ்சில் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. கொடி படர்ந்ததும் ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு மிருணாளினி சென்னைக்குப் போய்விட்டார். ஊரைத் தெரியாதவர், பாவம்.

மறுநாள் சட்டிக்கு மண் குழைக்கும் வேலை. அழகுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் காலை வைத்தான். பூவலிங்கம் அலறினான்.

"காலை எடு மாப்ள! அந்தம்மா என்ன சொல்லுச்சு? எல்லாம் கையாலன்னு சொல்லுச்சுல்ல?"

"மண்ணை மிதிச்சுத்தானப்பா குழைக்கணும்?"

"மிதி, வேணாங்கல. கையால மிதி."

இதில் நியாயம் இருப்பதாக மூவருக்கும் பட்டது. சோணைமுத்து ஒரு காலையும் பூவலிங்கம் இன்னொரு காலையும் தூக்கிப் பிடிக்க, அழகுமலை தலைகீழாக நின்று கைகளால் மண்ணை மிதித்தான். அவ்வப்போது மீசையும் வேலை செய்தது. மீசை கையில் சேருமா என்று இடையில் ஒரு சந்தேகம் வந்து, அரைமணி நேரம் பேசி, அதன்பிறகு அவன் வாயைத் துணியால் கட்டினார்கள். சட்டிகள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. அழகுமலைக்குச் செருப்பைக் கையில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் போக ஒரு வாரம் ஆயிற்று.

அப்புறம் அவரைக்கொடி நட்டார்கள். கொடி மேலே ஏறும் என்று அந்தம்மா சொல்லியிருந்ததால், விழுந்து கைகால் ஒடிந்துவிடக் கூடாதே என்று பூவலிங்கம் தன் வீட்டு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். ஏணி வழுக்கினால் என்ன செய்வது? முறைபோட்டுப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவன் கை அசந்துபோனால், "ஏறிருச்சா பாரு, ஏறிருச்சா பாரு" என்று மற்றவர்களைக் கேட்பான். கொடி தன் பாட்டுக்கு மூங்கிலைப் பற்றிக்கொண்டு ஏறியது.

தொட்டாச்சிணுங்கிதான் சோணைமுத்துவை ஆட்டிவைத்துவிட்டது. சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு விரலால் தொட்டான். இலையெல்லாம் படக்கென்று மூடிக்கொண்டது.

"கோவிச்சுக்கிச்சே" என்றான் அழகுமலை.

"நீ தொட்டது அதுக்குப் பிடிக்கல" என்றான் பூவலிங்கம். "மன்னிப்புக் கேளு."

கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானம் செய்வதில் சோணைமுத்துவுக்கு ராசி இல்லை. இருந்தாலும் செடியின் முன்னால் குந்தினான். "டாட்டா காட்டுனது தப்புதான் பஞ்சவர்ணம். நீ போறியேன்னு காட்டல. உன்னைப் பார்த்த சந்தோஷத்துல கை தானா தூக்கிருச்சு" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். சற்று நேரத்தில் இலை மெல்ல விரிந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதைச் செடியிடம் சொல்கிறோமே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும் தொட்டு மறுபடியும் சமாதானம் செய்துகொண்டிருந்தான். அன்றைக்கு வேறு வேலை நடக்கவில்லை.

எப்படியோ பந்தல் எழுந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகவே இருந்தது. கோணல் சட்டிகளிலிருந்து கொடிகள் தொங்கின, ஓலைப்பாயின் இடுக்கில் பாகல் பூத்திருந்தது.

திறப்பு நாளில் மிருணாளினி ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்தார். சிறப்பு அனுமதி வாங்கியிருந்ததால் பஸ் ஊரில் நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள், ஓலை பின்னினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், தொட்டாச்சிணுங்கியைத் தொட்டு "ஆகா" என்றார்கள். டிரைவரும் கண்டக்டரும்கூட ஆளுக்கு ஒரு ஓலை பின்னினார்கள். சோணைமுத்து பந்தல் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அந்தம்மா சொன்ன முழுமை இதுதான் என்று அவனுக்குப் புரிந்தது.

"சரிப்பா, கிளம்புறோம்" என்று டிரைவர் எழுந்தார்.

"எங்க கிளம்புறீங்க?" என்று வாசலை மறித்தான் சோணைமுத்து. "நீங்க இதுல ஒரு பகுதியில்ல?"

"நான் எட்டாம் நம்பர் வண்டி டிரைவர்ப்பா."

"வெளிய டிரைவர். உள்ள வந்துட்டா பகுதி. நீங்க போனா முழுமை போயிரும். முழுமை போனா வெறும் பந்தல். வெறும் பந்தலுக்கு பஸ் நிக்காது. நிக்காட்டி என் பெண்டாட்டி வரமாட்டா."

மிருணாளினி குறுக்கே வந்தார். "அண்ணே, நான் சொன்னது அப்படியில்ல..."

"முழுமையா இருக்கணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

"இருக்கணும்தான்..."

"அப்ப நீங்களும் உக்காருங்க."

அழகுமலையும் பூவலிங்கமும் ஏணியை வாசலுக்குக் குறுக்கே படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். விருந்தாளிகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரே சமைத்துப் போட்டது. உயிருள்ளவற்றுக்கெல்லாம் மாலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதால் பூவலிங்கம் எல்லோர் காலிலும் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டே வந்தான். ஒரு வக்கீல் மட்டும் சட்டம் பேசினார். அவருக்கு இரண்டு செம்பு ஊற்றினான்.

சோணைமுத்து கீழச்சேந்திக்கு ஒரே ஓட்டமாக ஓடினான்.

"பஞ்சவர்ணம், நம்ம ஊர்ல பஸ் நின்னுருச்சு!"

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் நிக்கும்?"

"காலையில இருந்து அசையாம நிக்குது."

"அப்ப அதை இங்க கொண்டாங்க. ஏறி வர்றேன்."

சோணைமுத்து தலையைச் சொறிந்தான். "கொண்டாரலாம். ஆனா டிரைவர் பந்தலுக்குள்ள பகுதியா இருக்காரு. அவரைக் கிளப்புனா பஸ் நிக்காது. நிக்காத பஸ்ஸுல நீ எப்படி இறங்குவ?"

பஞ்சவர்ணம் நெடுநேரம் யோசித்தாள். அவளும் அந்த ஊரில் பல வருஷம் குடித்தனம் நடத்தியவள்தானே. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நடங்க. ஆனா ஒண்ணு. நான் வீட்டுக்கு நடக்கல, பஸ்ஸுக்குத்தான் நடக்குறேன். இன்னும் வரவே இல்லாத ஆளோட நீங்க பேசப்படாது."

இரண்டு மைலும் இருவரும் வாய் திறக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். சோணைமுத்துவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இன்னும் வராதவளிடம் எப்படிச் சொல்வது என்று அடக்கிக்கொண்டான்.

ஊர் வந்தது. பஞ்சவர்ணம் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பஸ்ஸின் பின்படியில் ஏறி, காலி வண்டியில் ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சோணைமுத்து பந்தலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கண்டக்டருக்கு என்ன தோன்றியதோ, உள்ளே இருந்தபடியே இரண்டு விசில் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விசில் அடித்தார்.

பஞ்சவர்ணம் எழுந்து, முன்படி வழியாக நிதானமாக இறங்கினாள். சோணைமுத்து ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டான்.

"வா, வா! பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"உக்கார இடம் கிடைச்சுச்சு" என்றாள் பஞ்சவர்ணம். "ஆனா வண்டிதான் ரொம்ப மெதுவு. நடந்தே வந்திருக்கலாம்."