மருதியின் கைச்சூடு

ரத்தக்காட்டேரிகள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பேசுகிறவர்கள் யாரும் அவர்களுடைய குகைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே வெறும் வயிற்றோடு திரும்புகிறவருக்கு, குடித்து வந்தவர் தன் வயிற்றிலிருந்து கொஞ்சம் கக்கிக் கொடுப்பார். அருவருப்பான வழக்கம்தான். அது மட்டும் இல்லையென்றால் அந்தக் குலமே என்றைக்கோ அழிந்திருக்கும். ரத்தம் குடித்தால் அவர்கள் உடம்பு சூடாகும். பசித்தால் சில்லிட்டுப்போகும், பிறகு விறைத்துச் சாக வேண்டியதுதான்.

அதிக நாள் பசி தாங்கிப் பிழைத்தவருக்கே அங்கே குரு ஸ்தானம். அப்போது செம்பியம்மா குருவாக இருந்தாள்.

ஒரு விடியற்காலையில் சீடன் கூத்தன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அம்மா, அந்த மருதி சரியான பொய்க்காரி. வெளியே வயிறு முட்டக் குடிச்சிட்டு, இங்க வந்து பசிக்குதுன்னு கையேந்துறா."

"நீ பார்த்தியா?"

"பார்க்கத்தான் ராத்திரி ராத்திரியா அவ பின்னாலேயே அலையுறேன். கெட்டிக்காரி, அகப்படவே மாட்டேங்கிறா. அவளைத் துரத்துங்க."

"துரத்தினா செத்துப்போவா."

"பசியே இல்லாதவ எப்படிச் சாவா?"

"பசிக்குதுன்னு சொல்றாளே."

"வாயால சொன்னா ஆச்சா? எப்படி நம்புறது?"

செம்பியம்மா மருதியைக் கூப்பிட்டாள். மருதி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்தாள்.

"அவ கையைத் தொட்டுப் பாரு," என்றாள் குரு.

கூத்தன் தொட்டான்.

"கதகதன்னு இருக்கு! நான் சொல்லலே? நல்லாக் குடிச்சிருக்கா!"

மருதிக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தியமா ஒரு சொட்டு குடிக்கலே அம்மா."

செம்பியம்மா மருதியின் கையைத் தொட்டாள். பிறகு கூத்தனின் கையைத் தொட்டவள், சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"இவ கை சில்லுன்னுதான் இருக்கு. உன் கை இன்னும் மோசம், அதான் உனக்கு இது கதகதப்பாத் தெரியுது. நீ கடைசியா எப்போ குடிச்சே?"

கூத்தன் யோசித்தான். மருதியின் பின்னால் அலையத் தொடங்கியதிலிருந்து அவன் வயிற்றில் எதுவும் விழவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தான், மடங்கவில்லை. பயந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, பசிக்குது. யாரையாவது கொஞ்சம் கொடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றாள் செம்பியம்மா. "எப்படி நம்புறதுன்னு அவங்க கேட்டா, நான் என்ன பதில் சொல்லட்டும்?"