முக்காட்டு வீரனைப் பிடித்த சேந்தன்

வெகு காலத்துக்கு முன்னே மருதநாட்டை உதயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் அவர் நினைத்தது நினைத்ததுதான். ஒரு கோடையில், தம் அன்னப்படகு தரை தட்டக்கூடாதென்று ஏரி மதகையே மூடச் சொல்லிவிட்டார். கீழே நெற்பயிரெல்லாம் கதிர்விடும் நேரத்தில் வாடி நின்றது.

அப்போதுதான் கிளம்பினான் ஒரு முக்காட்டு வீரன். கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு பட்டப்பகலில் வருவான், மதகைத் திறப்பான், பறந்துவிடுவான். ஐந்து முறை வந்தான். தளவாய் மழவராயரின் இருநூறு காவலரும் ஐந்து முறையும் அவன் குதிரைப் புழுதியைத்தான் பிடித்தார்கள்.

அவன் வேறு யாருமில்லை, வேளிர் குலத்துப் பிரபு சேந்தன்தான். சபையில் அவனைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். "ஐயோ, காலில் சேறு பட்டால் எனக்கு மூன்று நாள் காய்ச்சல்" என்று பட்டு அங்கவஸ்திரத்தால் விசிறிக்கொள்வான். சபையே சிரிக்கும். மழவராயர் மட்டும் ஒருநாள் அவன் குதிகாலில் காய்ந்த ஏரிமண்ணைப் பார்த்துவிட்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். யாராலும் முடியாத வேலைக்கு ராஜா பொன்தட்டில் தாம்பூலம் வைப்பார். எடுத்தவன் மூன்று நாளில் முடித்தால் கேட்டது கிடைக்கும்; முடிக்காவிட்டால் தலை போகும்.

"மகாராஜா, முக்காட்டுக்காரனைப் பிடிக்கும் தாம்பூலத்தைச் சேந்தனுக்கே கொடுங்கள்!" என்றார் மழவராயர். பிடிக்காவிட்டாலும் தலை போகும், பிடித்தாலும் போகும் என்பது அவர் கணக்கு.

சேந்தன் முதலில் பயந்துதான் போனான். ஆனால் 'கேட்டது கிடைக்கும்' என்பது நினைவுக்கு வந்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. வெற்றிலையை எடுத்து நிதானமாக மென்றான்.

மூன்றாம் நாள் சபைக்குத் தனியாக வந்தான்.

"எங்கே அவன்?" என்றார் ராஜா.

சேந்தன் மடியிலிருந்த கறுப்புத் துணியை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டான். "கொண்டுவந்துவிட்டேன், மகாராஜா."

"நான் அப்போதே நினைத்தேன்! வெட்டுங்கள் தலையை!" என்று மழவராயர் குதித்தார்.

"வெட்டலாம். முதலில் எனக்குச் சேரவேண்டியதைத் தாருங்கள்" என்றான் சேந்தன். "மதகை இனி மூடக்கூடாது. அதுதான் நான் கேட்பது."

ராஜா திகைத்தார். "பைத்தியக்காரா, உன் உயிரைக் கேட்டிருக்கலாமே?"

"உயிரைக் கேட்டால் நான் ஒருவன் பிழைப்பேன், மகாராஜா. பயிர் செத்துப்போகும்."

ராஜா தலைகுனிந்தார். தம் படகை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து சொன்னார்: "கேட்டதைத் தந்தேன். திறந்தே இருக்கவேண்டிய மதகைத் திறந்தது குற்றமில்லை. அப்படியிருக்க இந்தத் தலையை எதற்கு வெட்டுவது? சேந்தா, ஏரியும் மதகும் இனி உன் பொறுப்பு." பிறகு மழவராயர் பக்கம் திரும்பினார். "இருநூறு பேரோடு உம்மால் பிடிக்க முடியாதவனை இவன் ஒற்றை ஆளாகப் பிடித்துத் தந்தான். இவனிடம் போய் வேலை கற்றுக்கொள்ளும்!"

மறுநாள் மதகடியில் மழவராயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார். முழங்கால் சேற்றில் நின்றிருந்த சேந்தன் கை நீட்டினான்.

"இறங்குங்கள், தளவாய். காய்ச்சலெல்லாம் வராது. நான் ஐந்து முறை பார்த்துவிட்டேன்."