சொக்கன் அமுக்கிய பொத்தான்

மகுடபூபதி என்று ஒரு ராஜா இருந்தார். எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கண் விழித்தால் ஓர் ஆணை, பல் துலக்கினால் ஓர் ஆணை. அவர் எழுதித் தள்ளிய வேகத்தில் நாட்டுப் பனைமரமெல்லாம் மொட்டையாக நின்றது.

அப்போதுதான் கப்பல் வியாபாரி ஒருவன் மின்பலகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் காலத்தில் அது எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், வந்துவிட்டது. கறுப்பாக, தாம்பாளம் அளவு. குச்சியால் எழுதினால் பச்சையாக எழுத்து விழும். மேலே ஒரு பொத்தான். அமுக்கினால் பளிச்சென்று ஒரு மின்னல், எழுதியது அத்தனையும் போய்விடும். மறுபடி எழுதலாம். உள்ளே பேட்டரி இருக்கிறது என்றான் வியாபாரி. அது அவன் ஊர்ச் சாமி போலிருக்கிறது என்று ராஜா ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார்.

"இனிமேல் ஓலை கிடையாது. பலகையில் இருப்பதுதான் சட்டம். பலகையில் இல்லாதது சட்டமில்லை" என்று அறிவித்தும் விட்டார்.

பலகை ஒன்றுதான். ராஜாவின் எழுத்தோ பூசணிக்காய் பருமன். குடிமக்கள் எழுத்தைவிட ராஜா எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பது அந்த வம்சத்து வழக்கம். ஓர் ஆணைக்கே பலகை நிரம்பிவிடும். அடுத்ததை எழுத முந்தையதை அழித்தாக வேண்டும். ஆக, நாட்டில் எப்போதும் ஒரே ஒரு சட்டம். காலையில் மீசைக்கு வரி. பயந்துபோய் ஊரே மழித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஆணை எழுதியதும் மீசை வரி ஒழிந்தது. சிறைக்கு இழுத்துப்போன திருடன் வாசலிலேயே உட்கார்ந்து, "சாப்பாட்டு ஆணை எழுதியாச்சா அண்ணே?" என்று காவலாளியிடம் கேட்பான். ஆச்சு என்றால் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

பலகையைச் சபையில் உரக்கப் படிப்பது நல்லமங்கையின் வேலை. தவழும் பிள்ளை சொக்கனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சபைக்கே இடுப்பில் தூக்கி வருவாள்.

ஒருநாள் மந்திரி கோளரி நைச்சியமாகப் பேசி, ஏரிக்கரைத் தோப்பு முழுவதையும் தன் பெயருக்கு எழுத வைத்தார். ராஜா எழுதி முடித்துப் பலகையைக் கீழே வைத்தார். நல்லமங்கை குனிவதற்குள் சொக்கன் நழுவி இறங்கித் தவழ்ந்துபோய்ப் பொத்தானை அமுக்கினான். மின்னல். தோப்பு போயிற்று. சொக்கன் கைதட்டிச் சிரித்தான்.

"மகாராஜா, இவனை நாடு கடத்தணும்" என்றார் கோளரி.

"கைக்குழந்தையையா?"

"இன்னைக்குக் குழந்தைன்னு விட்டா நாளைக்கு நடக்க ஆரம்பிச்சிடும்."

நல்லமங்கை பாய்ந்து போனாள். பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள்.

"அப்படி ஒரு சட்டம் பலகையில இல்லையே, மந்திரியாரே."

"எழுதிட்டாப் போச்சு. எழுதுங்க மகாராஜா."

எழுதச் சொன்னால் ராஜா விடுவாரா? 'ராஜாவின் எழுத்தை யார் அழித்தாலும் நாடு கடத்தப்படுவார்.' பலகை நிரம்பியது.

நல்லமங்கை படித்தாள். இன்னொரு முறை மெதுவாகப் படித்தாள்.

"சரி மகாராஜா. இப்ப எம்புள்ளையை அனுப்புற ஆணையை எழுதுங்க. பலகையில ஏறினதும் நாங்க கிளம்புறோம்."

ராஜா குச்சியை எடுத்தார். இடமில்லை. கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது.

"கொஞ்சம் பொறுங்க மகாராஜா. அதுல இருக்கிறது ராஜா எழுத்து. அழிச்சா நீங்க நாட்டை விட்டுப் போகணும். எந்தப் பக்கம் போறீங்கன்னு சொன்னா துணிமணி எடுத்து வைக்கச் சொல்றேன்."

விரல் அந்தரத்தில் நின்றது.

"அழிச்சா அந்தச் சட்டமும்தானே போயிடும்?" என்றார் கோளரி.

"எம்புள்ளை அமுக்கினப்போ சட்டமே இல்லை. அவனையே அனுப்பலாம்னா, சட்டம் இருக்கும்போது அமுக்கினவரை விட்டுடலாமா?"

"நியாயம்தான்" என்றார் ராஜா வருத்தத்தோடு. "கோளரி, நீ அமுக்கு."

"எனக்குக் கட்டைவிரல்ல நகச்சுத்தி, மகாராஜா."

ராஜா சேனாதிபதியைப் பார்த்தார். சேனாதிபதி தூணைப் பார்த்தார்.

சமையல்காரர் வந்தார். "அடுப்புப் பத்தவைக்க ஆணை வரலீங்களே." கோட்டைக் கதவைத் திறக்கவும் ஆணை இல்லை. சாயங்காலம் ஆயிற்று. ராஜாவின் வயிறு போட்ட சத்தம் சபைக்கே கேட்டது.

"நல்லமங்கை, ஒரு வழி சொல்லும்மா."

"அனுப்பறதுன்னு ஏற்கெனவே முடிவானவன் ஒருத்தன் இருக்கான். இன்னொரு தரம் அமுக்கினா அவனை இரண்டு தரம் அனுப்ப முடியுமா?"

"முடியாதுதான். ஆனா அவன் அமுக்கிட்டா, அவனை அனுப்பறதுக்கும் சட்டம் இருக்காதே?"

"இருக்காது, மகாராஜா."

"அது எப்படி..." என்று ஆரம்பித்தார் கோளரி.

"எனக்குப் பசிக்குது, கோளரி" என்றார் ராஜா.

பலகையைச் சொக்கன் முன்னால் வைத்தார்கள். அவன் அதை நக்கிப் பார்த்தான். அதன்மேல் உட்கார்ந்தான். பொத்தானை மட்டும் தொடவில்லை. கடைசியில் கோளரியே நாலு காலில் மண்டியிட்டு யானையாக வேண்டியதாயிற்று.

"என் ராசா, என் கண்ணு, மாமாவுக்காக ஒரே ஒரு அமுக்கு."

சொக்கன் யானை மேல் ஏறிச் சபையைச் சுற்றினான். காதைத் திருகினான். பிறகு, போனால் போகிறது என்று இறங்கி வந்து அமுக்கினான். மின்னல். ராஜா அடுப்புக்கு ஆணை எழுதியதும் சமையல்காரர் ஓடினார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லமங்கை, அந்த ஏரிக்கரைத் தோப்பு உனக்குத்தான்" என்று மறுபடி பொத்தானை அமுக்கப் போனார்.

அவள் பலகையைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"தோப்பு வேண்டாம் மகாராஜா. எம்புள்ளையை யாரும் எங்கேயும் அனுப்பக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க, போதும். ஆனா அதை மட்டும் ஓலையில எழுதுங்க. எழுத்தாணியை நல்லா அழுத்தி."