தாயிரா நின்ற வாசல்

நோன்பு மாதத்தில் விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்கு ஊரை எழுப்புகிறவர் மஸ்தான் பாவா. தாயிரா என்ற கைப்பறையைக் கொட்டிப் பாடிக்கொண்டு அவர் வந்தால்தான் தெருவில் அடுப்பு எரியும். இந்த வருஷம் தோள் ஓய்ந்துவிட்டது. சீடன் முக்தாரை முதல் முறையாகத் தனியே அனுப்பினார்.

"ஒரே சட்டம்தான். எடுத்த கொட்டு பள்ளிவாசல் வந்துதான் நிக்கணும். நடுவுல நிறுத்தினா நாளைக்கு வேற ஆளு."

முக்தார் ஆங்கிலம் படித்தவன். "எம்.ஏ. முடிச்சிட்டுக் கொட்டடிக்கப் போறியா மாப்ளே? உன்னைவிட என் செல்போன் நல்லா எழுப்புது" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவனுக்கோ அந்தத் தாயிராவைவிடப் பெரிய பட்டம் இல்லை.

கிளம்பும்போது கேட்டான்.

"எழுப்புறதுக்கு இங்கிலீஷ்ல 'வேக்'னு சொல்லுவாங்க பாவா. வேரைத் தேடிப் பாத்தேன். அந்தக் காலத்துல அது ரெண்டு சொல். ஒண்ணுக்குப் பிறக்கிறதுன்னு அர்த்தம். இன்னொண்ணுக்குக் கண் முழிச்சுக் காவல் இருக்கிறது. பிறகு ரெண்டும் கலந்துபோச்சு. அது எப்படி ஒண்ணாகும்?"

"போயிட்டு வந்து கேளு."

விடிந்து, சுபுஹு தொழுகையும் முடிந்த பிறகு முக்தார் தலைகுனிந்து வந்தான்.

"எல்லாரும் எழுந்தாங்களா?"

"எழுந்தாங்க பாவா."

"கொட்டு நிக்கலையே?"

கொட்டு நின்றது பாவாவின் காதுக்கு எட்டாத தெருவில். பொய் சொல்லியிருக்கலாம்.

"நிறுத்திட்டேன் பாவா. பீர் முகம்மது காக்கா வாசல்ல."

"ஏன்?"

"ராத்திரி முழுக்கத் தூங்காம படியிலேயே உக்காந்திருந்தார். உள்ளே பொம்பளப் புள்ள பிறந்திருக்காம். தாயும் புள்ளையும் அப்பதான் கண் அசந்திருந்தாங்க."

"நீ என்ன செஞ்சே?"

"துண்டால தாயிராவை மூடிக்கிட்டு, மத்த வீட்டுக் கதவை மெல்லத் தட்டிக்கிட்டே நடந்தேன். தெரு தாண்டித்தான் மறுபடி எடுத்தேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"எழுந்து நின்னு ஸலாம் சொன்னார்."

முக்தார் தாயிராவை இரண்டு கையாலும் நீட்டினான்.

"வேற ஆளுகிட்டக் கொடுங்க பாவா."

பாவா அதை அவன் நெஞ்சோடு சேர்த்து வைத்தார். நிமிர்ந்து நில் என்பதுபோல் முதுகில் தட்டினார்.

"எனக்குக் கொட்டுச் சொல்லித் தந்த பாவாவும் ஒரு வாசல்ல நிறுத்தினவர்தான், தம்பி. படியில என் அத்தா கண் முழிச்சுக் காவல் இருந்தாராம். உள்ளே நான் பிறந்திருந்தேன்."