துண்டுக்குள் முடிந்த பேரம்

சொற்களுக்கும் கைகால் இருந்த காலம் அது. மாடு பேசும், ஆமை பேசும், மனிதரோடு மல்லுக்கட்டி வழக்கும் பேசும். சொற்கள் ஆள் மாதிரியே தெருவில் நடமாடும். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். அதைத் தாண்டி எந்தச் சொல்லும் கால் வைத்ததில்லை.

அந்தக் காலத்தில், வறண்டு கிடந்த ஒரு காட்டாற்றின் நடுவே, மணல்மேட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை மாட்டுச்சந்தை கூடும். அங்கே தரகு பேசிப் பிழைத்தவள் முத்திருளாயி. தொழில் சொல்லிக்கொடுக்க அவளுக்கு ஆள் கிடையாது. ஏமாந்து ஏமாந்தே கறாரானவள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல் பிடித்து அவள் முடித்த பேரம் எதுவும் வெளியே கசிந்ததில்லை. துண்டுக்குள் பேசியது துண்டோடு. அதுதான் சந்தைக் கட்டு.

மற்ற வருஷங்களில் வண்டிகள் ஒன்றொன்றாகக் கலைந்துபோகும். அந்த வருஷம் மழை வரும்போலிருந்ததால் எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கரையைப் பார்த்து வரிசை கட்டின. கரைக்கு ஒற்றைத் தடம்தான். கடைசி வண்டியில் முத்திருளாயியின் மகள் பேச்சி, பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

மேற்கே மலை கறுத்தது. ஆற்றின் வாசனை மாறியது. முத்திருளாயி வரிசையின் முன்கோடிக்கு ஓடினாள்.

"மயிலை, தண்ணி வருது. காலை எடு" என்றாள் முன்வண்டிக் காளையிடம்.

"கடைசி வண்டியிலேருந்து சொல் வரட்டும், எடுக்குறேன். முன்ன ஒருக்கா ஆளை விட்டுட்டுப் போய்த்தானே பாவத்தைக் கட்டிக்கிட்டோம்? வரிசைன்னு நின்னுட்டா எங்களுக்கு இதுதான் கட்டு" என்றது மயிலை.

கட்டு என்றால் அவளும் மீறமாட்டாள். வரிசையின் பின்கோடிக்கு ஓடினாள். அங்கே 'போ' என்ற சொல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

"வாடா, வந்து வண்டியைக் கிளப்பு."

"என்னைக் கூப்பிடாதீங்க அக்கா. கிளம்புறவங்க காதுல நான் விழுந்தா, திரும்பி வரமாட்டாங்கன்னு ஊரே பயப்படுது. பச்சைப்புள்ள இருக்குற வண்டி. அந்தப் பழி எனக்கு வேணாம்."

அதுவும் நியாயம்தான். பக்கத்தில் நின்ற 'சரி'யைப் பிடித்து இழுத்து, அவளே சத்தமாகச் சொன்னாள். அவ்வளவுதான், வரிசையில் இருந்த அத்தனை காளைகளும் முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டன. சந்தையில் சரி என்றால் மாடு விலைபோயிற்று என்று அர்த்தம். கயிறு கை மாறும்வரை எழுந்திருக்காது.

"எங்களை யாருக்குத் தள்ளிவிட்ட?" என்று ஒரு கிழக்காளை கேட்டது.

"உன்னையெல்லாம் எவன் வாங்குவான்? எந்திரி" என்று கத்திக்கொண்டே வால்களை முறுக்கி எழுப்பினாள். தூரத்தில் இடி உருள்வதுபோல ஒரு சத்தம். இடி இல்லை. ஆறு.

அப்போதுதான் மேட்டின் ஓரத்தில் ஓர் அசலூர்ச் சொல் நிற்பதைப் பார்த்தாள். கஞ்சி போட்ட சட்டை, ஒட்டிய வயிறு. கப்பலில் வந்து, கடற்கரையில் அகராதி மாளிகையில் அறை வாங்கியிருந்த 'ரைட்' அது. சந்தையை வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

"உன் பொருள் என்னய்யா?"

"பிழையில்லாததைப் பிழையில்லை என்பேன். வேறு வேலை தெரியாது."

"தெரிய வேணாம். இந்த மாடுங்க உன்னைக் கேட்டுப் பயந்ததும் இல்லை, படுத்ததும் இல்லை. எனக்கு அது போதும். வண்டியைக் கிளப்பு."

"முடியாது அம்மா. விளக்கு வைக்கிற நேரத்தில் மாளிகை வாசலில் காவல் இருக்கும் ஆமையார் விசாரிப்பார். வெளியே வேறு பொருளோடு திரிந்த சொல்லுக்கு அறை கிடையாது. அறை இல்லாத சொல் காற்றில் கரைந்துபோகும்."

முத்திருளாயி கோபத்தில் வாயைத் திறந்தவள், அதன் வயிற்றைப் பார்த்து மூடிக்கொண்டாள். சொல்லுக்குச் சோறு மனிதர் மூச்சுதான்.

"எப்ப சாப்பிட்ட?"

"யாராவது என் பக்கத்தைப் புரட்டினால்தானே."

"இங்க பாரு. உனக்கு நான் வாய் தர்றேன். ஒண்ணு ரெண்டு இல்லை, ரோட்டுல போற அத்தனை வாயும். ஆமையாருக்கு எப்படித் தெரியும்? கையை உள்ள விடு."

கைமேல் துண்டு விழுந்தது. விரல் தட்டுப்படும் என்று துழாவினாள். விரல் இல்லை. கன்றுக்குட்டியின் தொண்டைக்குழி மாதிரி இளஞ்சூட்டோடு ஏதோ துடித்தது. எத்தனையோ கை பிடித்தவளுக்கு உடம்பு சிலிர்த்தது. நெஞ்சுக்குள் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதை இறுகப் பிடித்தாள். அதுவும் இறுகப் பிடித்தது.

துண்டை எடுத்தாள். "பேச்சி, சொல்லுடி."

பேச்சி வண்டிப் பலகையைத் தட்டி, "ரைட்" என்றாள்.

சொல் கிளம்பியது. பேச்சி வாயிலிருந்து முன்வண்டிக்காரன் வாய்க்கு, அவனிடமிருந்து அடுத்தவன் வாய்க்கு. வாய்க்கு வாய் பெருத்தது. காளைகளின் காதுகள் ஒவ்வொன்றாக நிமிர்வதைப் பார்த்தபடி முத்திருளாயி மகள் வண்டியில் தொற்றிக்கொண்டாள். மயிலை தலையைச் சிலுப்பிக் காலை எடுத்தது. அத்தனை சக்கரமும் ஒரே மூச்சில் உருண்டன. மணல்மேடே எழுந்து நடப்பதுபோல் இருந்தது. பேச்சியின் வண்டி கரை ஏறவும், பின்னால் தடம் இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் மரங்களை உருட்டிக்கொண்டு போனது.

விளக்கு வைக்கும் நேரம் மாளிகை வாசலில் ஆமையார் கேட்டார். "வெளியே என்ன பொருளில் இருந்தாய்?"

"அது துண்டுக்குள் பேசியது ஐயா. சொல்லக் கூடாது."

வயிறு நிரம்பியிருந்த அந்தச் சொல்லை ஆமையார் ஏற இறங்கப் பார்த்தார். பிழை என்று சொல்ல வழியில்லை. பழைய பொருளை மட்டும் எழுதி உள்ளே விட்டார். மற்ற சொற்கள் அன்றிரவு அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. விடிந்ததும் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு நழுவின.

அகராதிக்குள் ஒரு பொருளும் தெருவில் வேறொரு பொருளுமாகச் சொற்கள் இரட்டைப் பிழைப்பு நடத்துவது அன்றைக்குத் தொடங்கியதுதான். பின்படியில் நிற்கிற கண்டக்டர் தகரத்தைத் தட்டி "ரைட்" என்கிறவரை, கடைசி ஆளும் ஏறியாயிற்று என்று தெரிகிறவரை, எந்த பஸ்ஸும் இன்றைக்கும் நகர்வதில்லை.