தேருக்குச் சிலிண்டர் கடைந்த மயிலாத்தாள்

வேங்கைக்கரட்டு ஆண்டவருக்குப் பூத்தொடுத்துத் தொண்டு செய்தவர்கள் உண்டு. படி கழுவியவர்கள் உண்டு, காவடி சுமந்தவர்கள் உண்டு. இரும்பும் வெண்கலமும் கடைந்து தொண்டு செய்தவர் மயிலாத்தாள் அம்மையார் ஒருவரே. கரட்டுக் குன்றின் அடிவாரத்தில், தேர்வீதி சரிந்து இறங்கும் இடத்தில் அவருடைய ஓட்டு வீடு இருந்தது. வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் உலோகத்தைச் சுழற்றிக் கடையும் ஒரு பழைய லேத். பம்புசெட்டுகளுக்குப் புஷ் என்னும் உலோக வளையங்களைக் கடைந்து கொடுத்து வயிற்றைக் கழுவி வந்தார்.

விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, முந்தைய நாள் விழுந்த இரும்புச் சுருள்களைப் பெருக்கி அள்ளுவார். லேத்தின் நெற்றியில் திருநீறு பூசி ஒரு செவ்வரளிப் பூ வைப்பார். தகரத்தின் இடுக்கு வழியே கரட்டுக் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்புவார். அதன் பிறகுதான் கடைய வேண்டிய உருப்படியை லேத்தின் சக்கில் மாட்டுவார். சக் என்பது மூன்று பக்கத் தாடைகளால் உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் பிடி. மற்ற பட்டறைக்காரர்கள் அதைச் சாவி போட்டு ஒருமுறை இறுக்குவார்கள். அம்மையார் "முருகா" என்று ஒருமுறை இறுக்குவார், இன்னொரு "முருகா" சொல்லி இன்னொரு முறை இறுக்குவார், மூன்றாவதாகச் சாவியின் பிடியில் ஒரு குழாயைச் செருகி, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு "முருகா!" என்பார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய கணவர் சின்னமுத்து அதே லேத்தில்தான் போய்ச் சேர்ந்தார். சரியாக இறுக்காத உருப்படி சுழலும்போதே தெறித்து அவர் நெஞ்சில் அடித்தது. அன்று முதல் சுழலுகிற எதைக் கண்டாலும் அம்மையாருக்குக் குலை நடுங்கும். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். தேர்த் திருநாளில், அத்தனை பெரிய சக்கரங்கள் வாசலைக் கடந்து உருள்வதைப் பார்க்கத் துணிவில்லாமல், கதவைத் தாழிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். ஆண்டவர் வாசலுக்கே வருவார், அம்மையார் கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டு கும்பிடுவார். இப்படியும் ஒரு பக்தி! ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

பக்கத்துப் பட்டறை வேலாயுதனுக்கு இது நல்ல தீனி. "மயிலக்கா சக்கை இறுக்கி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு டீ குடிச்சுட்டு வந்துருவேன்" என்பார். அம்மையாரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு தை மாதம், பூசத்துக்குச் சில நாள் இருக்கையில், கோயில் மணியகாரர் செங்கோடன் ஒரு சாக்கு மூட்டையோடு கொட்டகைக்கு வந்தார். தேருக்கு எண்ணெய் பிரேக் போட்டிருந்தார்கள். கைப்பிடியை அழுத்தினால் சிலிண்டருக்குள் எண்ணெய் ஏறும், அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கட்டையைச் சக்கரத்தோடு அழுத்தி நிறுத்தும். அந்தச் சிலிண்டரின் உட்சுவர் கீறல் விழுந்து எண்ணெய் கசிந்தது. உள்ளே புதிதாக ஒரு வெண்கல உறை கடைந்து போடவேண்டும். வார்ப்படம் இரண்டுதான் கிடைத்திருந்தது.

"ஏனம்மிணி, போன பட்டறையெல்லாம் கைய விரிச்சுட்டாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி வருமுன்னு பயப்படறாங்க. நீதான் பார்த்துக் குடுக்கோணும்" என்றார் மணியகாரர்.

"ஐயோ, நானுங்களா? ஊருக்கே பயமுன்னா எனக்கு எப்படியிருக்கும்? வேண்டாமுங்க."

"சரி விடம்மிணி. பிரேக் இல்லாட்டியும் தேர் ஓடத்தான் போகுது. கட்டை போடறவங்க பாடுதான் திண்டாட்டம்."

கட்டை போடுகிறவர் என்றால், ஓடும் தேரின் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து மரக்கட்டையைச் செருகித் தேரைத் தடுக்கிறவர். அம்மையாரின் ஒரே தம்பி குப்பணன் அந்த வேலையில்தான் இருந்தார். பிரேக் இல்லாவிட்டாலும் தம்பிக்கு ஆபத்து. தாம் கடைந்த பிரேக் சறுக்கினாலும் தம்பிக்கு ஆபத்து.  அம்மையார் இரண்டு கைகளையும் நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டார்.

முதல் உறையை வழக்கம்போல் மூன்று "முருகா" சொல்லி இறுக்கினார். உள்ளே கடைந்துகொண்டே போய், சக்கில் இருந்தபடியே பிஸ்டனை விட்டுப் பார்த்தார். வழுவழுவென்று போய் வந்தது. பிஸ்டனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சக்கைத் தளர்த்தி உறையைக் கையில் எடுத்து மறுபடியும் பிஸ்டனை விட்டார். அது உள்ளே போகாமல் சிக்கியது. திருப்பிப் பார்த்தார், மறுபடியும் சிக்கியது. விளக்கடியில் வைத்துத் தடவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. உறையின் சுவர் மெலிசு. அவர் இறுக்கிய இறுக்கில் மூன்று தாடைகளும் அதை மூன்று பக்கமும் நசுக்கியிருந்தன. நசுங்கிய நிலையிலேயே உள்ளே வட்டமாகக் கடைந்திருக்கிறார். பிடி விட்டதும் உறை தன் பழைய நிலைக்குத் திரும்பியது, உள்வட்டம் முக்கோணமாய்க் கோணிக்கொண்டது.

அம்மையார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவா, நான் சிலிண்டரு கடையல. என்ற பயத்தையல்லோ கடைஞ்சு வெச்சிருக்கறேன்" என்று அழுதார். இந்தச் சேதி அதற்குள் வேலாயுதன் காதுக்குப் போய்விட்டது. "வெண்கலத்தக் கொண்டுபோயி பயந்தாங்கொள்ளி கையில குடுத்தா இப்படித்தான்" என்று வீதியில் நின்று சொன்னார். அம்மையாருக்கு அது சுடவில்லை. மீதி ஒரே ஒரு வார்ப்படம் இருக்கிறது என்பதுதான் சுட்டது.

இரண்டாவது உறையை மாட்டினார். முரட்டுக் கடைசல் வரைக்கும் இறுக்கமாகவே வைத்துக்கொண்டார். கடைசி மெல்லிய சீவலுக்கு முன்னால் லேத்தை நிறுத்தினார். இப்போது பிடியைத் தளர்த்தியாக வேண்டும். தளர்ந்த பிடிதான் கணவரைக் கொன்றது. உள்ளே ஓடும் உளியைப் பார்க்க வேண்டுமானால், அவர் நின்ற அதே இடத்தில்தான் தாமும் நிற்கவேண்டும். சாவியை வைத்த கை நடுங்கியது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் வியர்த்தது. விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. தகர இடுக்கில் கோபுரம் தெரிந்தது.

"உன்னைக் கூப்புட்டுக் கூப்புட்டு இறுக்கத்தான் எனக்குத் தெரியும். இன்னைக்கு உன்னைக் கூப்புட்டே விடறேன். புடிச்சுக்கறது உன்ற பாடு" என்றார். "முருகா" என்று சொல்லிச் சாவியைத் தளர்த்தினார். உருப்படி நழுவாத அளவுக்கு மட்டும் திரும்ப லேசாகப் பிடித்து வைத்தார். குழாயைத் தொடவே இல்லை.

லேத் சுழன்றது.  உளி உள்ளே மெல்லச் சீவிக்கொண்டு போக, பொன்நிறத் துகள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நடுவில் நிறுத்தினால் உட்சுவரில் வரி விழும் என்பதால் அம்மையார் கண் இமைக்காமல் நின்றார். உளி மறுமுனையைத் தாண்டி வெளியே வந்ததும் லேத்தை நிறுத்தினார். உறையைக் கழற்றி வெளியே வைத்துப் பிஸ்டனை விட்டார். அது தன் பாரத்திலேயே மெதுவாக, எங்கும் தயங்காமல் இறங்கியது.

இனிப் பயம் விட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. பூசத்தன்று அம்மையார் வழக்கம்போல் கதவைத் தாழிட்டுக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்தார். தாரை தப்பட்டை நெருங்கியது. வீடு அதிர்ந்தது. தேர் சரிவில் இறங்கும் கடமுடவென்ற ஓசை திடீரென்று வேகம் பிடித்தது. "கட்டை! கட்டை!" என்று கத்தினார்கள். பிறகு ஒரு பெரிய அலறல். பிறகு எதுவுமே கேட்கவில்லை, தப்பட்டைகூட நின்றுவிட்டது.

தம்பி போய்விட்டான் என்று அம்மையார் முடிவு கட்டினார்.  அப்போது யாரோ கதவைத் தடதடவென்று தட்டினார்கள்.

"அக்கா! கதவைத் தொற!"

குப்பணனின் குரல். திறந்தார். உடம்பெல்லாம் மண்ணாக நின்றார் தம்பி. "கால் இடறிச் சக்கரத்துக்கு முன்னாலயே விழுந்துட்டேன்க்கா. பிரேக் புடிச்சுது. சக்கரம் என்ற தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்னுது." அம்மையார் அவருடைய முகத்தை, தோளை, கைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். அதற்குள் மணியகாரர் ஓடிவந்தார்.

"அம்மிணி, பிரேக்கை விட்டும் தேரு நகரமாட்டேங்குது. ஊரே இழுக்குது. சிலிண்டரு சிக்கிக்கிச்சாட்ட இருக்குது. வந்து பாரம்மிணி."

இந்த உறையும் முதல் உறைபோல் கோணிவிட்டதா?  அம்மையார் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே போய்த் தேருக்கு அடியில் நுழைந்தார். சிலிண்டரைத் தொட்டார். பிஸ்டன் ஒழுங்காகப் பின்வாங்கியிருந்தது. பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே அவருடைய விரல் தாராளமாகப் போய்வந்தது. சக்கரத்தின் முன்னால் கல்லும் இல்லை, மரக்கட்டையும் இல்லை.

"ஒண்ணுமே புடிக்கலைங்களே" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து நிமிர்ந்தார்.

நிமிர்ந்த இடத்தில் ஆண்டவர் இருந்தார். இத்தனை ஆண்டுகளாகக் கதவுக்கு அந்தப் பக்கமாகவே வந்து போனவர், அம்மையாரின் வாசலுக்கு நேரே, செவ்வரளி மாலையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மையார் கைகூப்ப மறந்து பார்த்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. குருக்கள் அந்த மாலையைக் கழற்றி அம்மையாருக்குக் கொடுத்தனுப்பினார். "மயிலக்கா, வந்து வடத்தைத் தொடுங்க" என்று முதலில் சொன்னவர் வேலாயுதன்.

அம்மையாருக்குக் கை அப்போதும் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் வடத்தை அவர் இறுக்கவில்லை, வெண்கல உறையைப் பிடித்ததுபோல லேசாகவே பிடித்தார். "முருகா" என்றார். தேர் நகர்ந்தது.

அஞ்சாமல் தொழுதவர்களை ஆண்டவருக்குத் தெரியும். அஞ்சிக்கொண்டே தம்மை நம்பிப் பிடி தளர்த்திய மயிலாத்தாள் அம்மையாருக்காக அவர் தேரையே நிறுத்திக் காத்திருந்தார். அந்த நடுங்கும் கைகளை நாமும் வணங்குவோம்.